பீடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஆம்பூர் வட்டாரத்தில், பங்குக் கோயில் படிக்கட்டு நிறையச் செருப்புகள்! வெறுங்காலோடு உள்ளே போகும் நம் ஊர் வழக்கத்துக்கு 1969-ல் ரோமே ஒப்புதல் தந்தது. இந்திய வழிபாட்டுக்கான 12 தழுவல்களில் அதுவும் உண்டு. மெழுகுவத்திக்குப் பதில் எண்ணெய் விளக்கும் உண்டு.

“வாங்க, இப்ப பூசை இல்ல” என்று கோயில்பிள்ளை சாவிக்கொத்தோடு கூப்பிட்டார். விடுவேனா!

பீடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஆமாம், சுற்றி! முன்பெல்லாம் பீடம் பின்சுவரோடு ஒட்டியிருக்கும்; சாமியாரின் முதுகுதான் மக்களுக்குத் தெரியும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) அப்புறம் பீடம் சுவரை விட்டு முன்னால் வந்தது. வேலூர் மறைமாவட்டம் உருவான 1952-ல் கட்டிய கோயிலென்றால் நீளவாக்கில்தான் இருந்திருக்கும். இன்று பல கோயில்கள் அகலமாக, நடுவில் தூணில்லாமல் எழும்புகின்றன. கடைசி பெஞ்சுக்காரருக்கும் பீடம் தெரிய வேண்டுமே.

குனிந்து அடியிலும் பார்த்தேன். புனிதரின் திருப்பண்டம் வைப்பதானால் பீடத்துக்கு அடியில்தான். மேலே கூடாது, மேற்பலகைக்குள்ளும் கூடாது. அதுவும் மனித உடலின் பகுதி என்று பார்த்தாலே தெரிகிற அளவில் இருக்க வேண்டும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது! பீடத்தை அர்ப்பணிக்கும் நாளில் ஆயர் நடுவிலும் நான்கு மூலைகளிலும் கிறிஸ்மா தைலத்தை ஊற்றி, மேற்பரப்பு முழுக்கப் பூசுவார். பிறகு அதே பீடத்தின்மேல் சாம்பிராணி புகையும். கல்லுக்கு இப்படியொரு திருமுழுக்கா!

நற்கருணைப் பேழைக்குத் திருச்சபைச் சட்டமே இலக்கணம் வகுத்திருக்கிறது: அசையக்கூடாது, உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது, பூட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கு அணையக்கூடாது. அந்தச் சின்னச் சாவி மட்டும் கொத்தில் இல்லை. தனியே பத்திரமாக இருக்கிறது.

திருவுடை அறைதான் புதையல்! அகன்ற இழுப்பறைகளில் அங்கிகள் படுத்துக் கிடக்கின்றன. தவக்காலத்துக்கு ஊதா, மறைசாட்சிகளுக்குச் சிவப்பு, ஆண்டின் பெரும்பகுதிக்குப் பச்சை. அடியில் ஒரு ரோஜா நிறம்! திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிறு, தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, அவ்வளவுதான் அதற்கு வேலை.

அடுத்த முறை உங்கள் கோயில் சுவரைப் பாருங்கள். 12 இடங்களிலோ 4 இடங்களிலோ சின்னச் சிலுவைகள் பதித்திருந்தால், அங்கெல்லாம் ஆயரின் தைலக் கை பட்டிருக்கிறது.