பிரிட்டனில் கான்ட்ராக்டர் வேலை: சொந்தக் கம்பெனி தொடங்குவது எப்படி?

பிரிட்டனில் சாப்ட்வேர் துறையில் இருக்கும் உறவினரோ நண்பரோ, "நான் கான்ட்ராக்டில் இருக்கிறேன், என் பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே ஒருவர் வேலை பார்க்க எதற்குக் கம்பெனி என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அது என்ன, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே அதை எப்படித் தொடங்குகிறார்கள், எங்கே கவனம் தேவை என்று இங்கு பார்ப்போம்.

ஏன் கம்பெனி?

கான்ட்ராக்டர் என்பவர் மாதச் சம்பள ஊழியர் அல்ல. மூன்று மாதம், ஆறு மாதம் என ஒப்பந்தம் போட்டு, வேலைக்குப் பில் அனுப்பிப் பணம் பெறுபவர். ஏஜென்சிகள் பலவும் தனி நபரைவிட ஒரு கம்பெனியுடன் ஒப்பந்தம் போடவே விரும்புகின்றன. 'லிமிடெட்' என்றால் பொறுப்புக்கு வரம்பு உண்டு என்று பொருள். கம்பெனி கடனில் மூழ்கினாலும், நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கொடுக்காதவரை, பொதுவாகப் பங்குக்குப் போட்ட பணம் மட்டுமே போகும்.

பதிவு செய்வது எப்படி?

கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தின் பெயர் கம்பெனிஸ் ஹவுஸ். இதன் வெப்சைட்டிலேயே எல்லா வேலையும் முடிந்துவிடும். தேவையானவை இவை:

1. வேறு கம்பெனிக்கு இல்லாத ஒரு பெயர்.
2. ஒரு டைரக்டர், ஒரு பங்குதாரர். இருவரும் ஒரே நபராக இருக்கலாம். டைரக்டருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும்.
3. பதிவு முகவரி, ஈமெயில் முகவரி. தபால் பெட்டி எண் செல்லாது.
4. தொழிலைக் குறிக்கும் எண். சாப்ட்வேர் தயாரிப்புக்கு 62012.

டைரக்டர்கள் தங்கள் அடையாளத்தை நிரூபிப்பது 2025 நவம்பர் 18 முதல் கட்டாயமாகிவிட்டது. பல ஆண்டுகளாக 12 பவுண்டாக இருந்த ஆன்லைன் கட்டணம் 2024 மே மாதம் 50 பவுண்டாக உயர்ந்தது. அதற்குப் பிறகும் மாற்றம் வருவதால், பணம் கட்டும் முன் அன்றைய கட்டணத்தைப் பாருங்கள்.

பதிவு முகவரியை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதை மறக்காதீர்கள். வீட்டு முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள், அக்கவுண்டன்டின் அலுவலக முகவரியை அவர் அனுமதியுடன் கொடுப்பது வழக்கம்.

கம்பெனிப் பணம் உங்கள் பணமா?

இல்லை. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நாளுக்கு 400 பவுண்டு, மாதம் 20 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 பவுண்டு வரும். அது கம்பெனியின் வரவு. அதைச் சம்பளமாகவோ, வரி போக மிஞ்சும் லாபத்திலிருந்து டிவிடெண்டாகவோதான் எடுக்க வேண்டும். 2023 ஏப்ரலில் வந்த விகிதப்படி, 50,000 பவுண்டு வரையுள்ள லாபத்துக்குக் கம்பெனி வரி 19 சதவீதம். மேலே சொன்ன கணக்கில் 12 மாதத்துக்கு 96,000 பவுண்டு வருகிறது. 2024 ஏப்ரலில் வாட் பதிவுக்கான வரம்பு 90,000 பவுண்டு ஆனது. அதைத் தாண்டினால் வாட் பதிவும் கட்டாயம்.

தவறவிடக் கூடாத தேதிகள்

தொழில் தொடங்கிய 3 மாதத்துக்குள் கம்பெனி வரிக்குப் பதிய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை விவரங்களை உறுதிப்படுத்த வேண்டும். முதல் கணக்கைப் பதிவு நாளிலிருந்து 21 மாதத்துக்குள்ளும், அடுத்தடுத்த கணக்குகளை நிதியாண்டு முடிந்த 9 மாதத்துக்குள்ளும் தர வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் அபராதம் உண்டு. எனவே இந்தத் தேதிகளைக் கம்ப்யூட்டர் காலண்டரில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். பில்களையும் கணக்குகளையும் 6 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதால், பென் டிரைவிலும் ஒரு காப்பி அவசியம்.

ஐஆர்35 என்னும் சிக்கல்

வெள்ளிக்கிழமை ஊழியராக வேலையை விட்டுவிட்டு, திங்கட்கிழமை அதே நாற்காலியில் கம்பெனி முதலாளியாக வந்து உட்காருவதைத் தடுக்க 2000 ஏப்ரலில் வந்த வரி விதி இது. 1999-இல் வெளியான அரசு அறிவிப்பு ஒன்றின் எண்ணே இதற்குப் பெயராகிவிட்டது. எப்போது, எப்படி வேலை செய்ய வேண்டும் என்று உங்களுக்கு உத்தரவிடுவது யார்? உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியுமா? இப்படிப் பார்த்து, நீங்கள் உண்மையில் ஊழியர்தான் என்று முடிவானால், ஊழியருக்குப் போலவே வரி பிடிக்கப்படும். கம்பெனி வைத்திருப்பதன் வரிச் சலுகை பெரும்பாலும் போய்விடும். செலவு மட்டும் மிஞ்சும். 2021 ஏப்ரல் முதல், வேலை கொடுக்கும் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களே இதை முடிவு செய்கின்றன. ஆகவே முதலில் இந்த முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு கம்பெனி தொடங்குவதே புத்திசாலித்தனம்.

இரண்டு எச்சரிக்கைகள்

இங்கிருந்து படிக்கப் போகும் மாணவர்கள் கவனிக்க: ஸ்டூடண்ட் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. "கம்பெனி போட்டுக்கொள், வேலை தருகிறேன்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். விசாவே பறிபோகலாம்.

அடுத்து, புதிய கம்பெனிகளுக்குக் கம்பெனிஸ் ஹவுஸ் அனுப்புவது போலவே போலிக் கடிதங்களும் ஈமெயில்களும் வருகின்றன. அதிலுள்ள லிங்க்கைக் கிளிக் செய்யாமல், அரசு வெப்சைட்டின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே செல்லுங்கள்.