ஜீப்பிலேயே காற்று அடிக்கலாமா? இன்ஜின் கம்ப்ரசர் பொருத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேற்றிலோ மணலிலோ இறங்கும் முன் ஃபோர் வீல் டிரைவ் ஓட்டுபவர்கள் முதலில் செய்வது டயரில் காற்றை இறக்குவதுதான். சாலையில் 35 பி.எஸ்.ஐ. இருந்த டயர் 15-க்கு வந்தால், அகலமாகப் படிந்து தரையைப் பற்றிக்கொள்ளும். சிக்கல் வீடு திரும்பும்போது. அதே 15 பி.எஸ்.ஐ.யோடு ஓசூர் நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால், டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், வெடிக்கவும் கூடும். ‘பஞ்சர் கடை வரைக்கும் மெதுவா போயிடலாம்’ என்று பெங்களூருவுக்குக் கிளம்புபவர்கள் எடுக்கும் ரிஸ்க் இதுதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். பிக்கப் டிரக் டயருக்குள் சுமார் 60 லிட்டர் இடம் இருக்கும். அதில் 20 பி.எஸ்.ஐ. ஏற்ற 80 லிட்டருக்கு மேல் வெளிக்காற்று வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து ஏறத்தாழ 330 லிட்டர். சிகரெட் லைட்டரில் செருகும் பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளினால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் சூடாகி அது ஓய்வு வேறு கேட்கும். இன்ஜின் பெல்ட்டில் ஓடும் 160 சி.சி. கம்ப்ரசரோ, 1,500 சுற்றில் நிமிடத்துக்கு 240 லிட்டர் இழுக்கும். கசிவும் சூடும் போகப் பாதி கிடைத்தாலும் மூன்று நிமிஷம், அவ்ளோதான்.

இது புது யோசனையும் இல்லை. ஏர் பிரேக் உள்ள டீசல் லாரி, பஸ்களில் இன்ஜினோடு சேர்ந்தே ஒரு கம்ப்ரசர் ஓடுகிறது. சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன், 1962-ல் பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் கூட்டுறவோடு தொடங்கப்பட்டதே ஏர் பிரேக் செய்யத்தான். ஜீப்பிலும் சிறிய பிக்கப்பிலும் ஏர் பிரேக் கிடையாது, அதனால் கம்ப்ரசரும் கிடையாது.

அங்கேதான் ஏ.சி. கம்ப்ரசர் கதைக்குள் வருகிறது. காந்த கிளட்ச், கப்பி எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஆனால் இன்றைய கார்களில் உள்ள பெரும்பாலான ஏ.சி. கம்ப்ரசர்களுக்கு ஆயில் வருவது கேஸோடு கலந்து சுற்றித்தான். வெறும் காற்றை இழுக்கவிட்டால் ஆயில் காற்றோடு வெளியே போகும், திரும்பி வராது. சில நாளில் ஜாம் ஆகிவிடும். பழைய யார்க் வகை பிஸ்டன் கம்ப்ரசருக்கு மட்டும் அடியில் தனி ஆயில் தொட்டி உண்டு. உலகெங்கும் ஆஃப் ரோடு ஆட்கள் அதைத் தேடி அலைவதற்கு இதுவே காரணம். அதிலும் கொஞ்சம் ஆயில் காற்றோடு தப்பும் என்பதால் ஒரு ஆயில் செபரேட்டர் தேவை.

கம்ப்ரசரை விட அதைச் சுற்றியுள்ளவைதான் உயிர் காப்பவை. வெளியேறும் காற்று 150 டிகிரியைத் தாண்டலாம், எனவே முதல் ஒன்றிரண்டு மீட்டருக்கு எஃகு வலை போர்த்திய ஹோஸ் அல்லது செம்புக் குழாய்தான், பிளாஸ்டிக் டியூப் கூடவே கூடாது. அடுத்து, காற்று திரும்பி வராமல் தடுக்க நான்-ரிட்டர்ன் வால்வு. 120 பி.எஸ்.ஐ. போன்ற அளவில் கிளட்சை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச். அது வேலை செய்யாத நாளுக்காக ஒரு சேஃப்டி வால்வு, டாங்க் தாங்கும் அழுத்தத்துக்குக் கீழே திறப்பதாக. டாங்குக்கு நல்ல நிலையில் உள்ள லாரி பிரேக் டாங்க் போதும். பழைய கேஸ் சிலிண்டரை வெல்டு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஜே.சி. ரோட்டில் உதிரிபாகம் தேடலாம், பிராக்கெட்டை லேத் பட்டறையில்தான் செய்ய வேண்டியிருக்கும். தடிமனான தகடு வேண்டும். கப்பிகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேரான இரும்புச் சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பெல்ட் கழன்று ரேடியேட்டர் ஃபேனுக்குள் போகலாம்.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே படித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. எனவே பட்டறைக்கு முன் ஆர்.டி.ஓ.விடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் என்றால் என் கருத்து: வேண்டாம். ஒரே நீள பெல்ட்டில் எல்லாம் ஓடும், இடமும் இல்லை, வாரன்டியும் போகும். பேட்டரியில் நேரடியாக இணைக்கும் இரட்டை சிலிண்டர் எலக்ட்ரிக் கம்ப்ரசர் போதும். 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் தடித்த வயரும் ஃபியூஸும் போட்டு, இன்ஜினை ஓடவிட்டே பயன்படுத்த வேண்டும். பெல்ட்டை எளிதாகக் கையாளக்கூடிய பழைய மஹிந்திரா டீசல் ஜீப் வைத்திருப்பவருக்குத்தான் இன்ஜின் கம்ப்ரசர் பொருந்தும்.

பொருத்தியாகிவிட்டால், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். மழைக்காலத்தில் டாங்கின் அடியில் தண்ணீர் சேரும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வடிகால் வால்வைத் திறந்து அதை வெளியே விடுங்கள், இல்லையென்றால் டாங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.