தேவாலய வாசலில் ஒரு கிட்டார்

பொட்டல் வெளியில் ஒரு சின்னஞ்சிறு தேவாலயம். உள்ளே கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் ஸ்லாஷ் மட்டும் வெளியே வந்து நின்று கிட்டார் வாசிக்கிறார். ஹெலிகாப்டரில் இருந்து கேமரா அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கிட்டாரில் ஒயர் இல்லை. உள்ளே நாம் பார்த்த மண்டபமோ இந்தக் கட்டடத்துக்குள் அடங்கவே அடங்காது. எந்தக் கணக்கும் ஒத்துவராத காட்சி. ஆனாலும் ராக் இசை வீடியோக்களில் இதற்கு நிகராக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவின் 'கன்ஸ் அன் ரோஸஸ்' குழு 1992-ல் தந்த 'நவம்பர் ரெயின்' அது.

ஐந்தே ஆண்டுகளுக்கு முன் அவர்களிடம் இந்தப் படாடோபம் கிடையாது. 1987-ன் 'வெல்கம் டு த ஜங்கிள்' வீடியோவில், வாயில் வைக்கோல் துரும்போடு லாஸ் ஏஞ்சலஸில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார் பாடகர் ஆக்ஸல் ரோஸ். இண்டியானாவின் சிற்றூரில் இருந்து பிழைக்க வந்தவர் என்பதால் அதில் நடிப்பு குறைவு, நிஜம் அதிகம். அடுத்து வந்த 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' இன்னும் எளிமை. கதையே இல்லை, ஒரு கூடம், வாத்தியங்கள், சுற்றிலும் நண்பர்களும் காதலிகளும். இரண்டையும் இயக்கியவர் நைஜல் டிக்.

பிறகு ஆண்டி மொராஹன் வந்தார், பணமும் வந்தது. 'டோன்ட் க்ரை', 'நவம்பர் ரெயின்', 'எஸ்ட்ரேஞ்ச்ட்' மூன்றும் ஒரு தொடர்போல வெளிவந்தன. டெல் ஜேம்ஸ் எழுதிய சிறுகதைதான் 'நவம்பர் ரெயி'னுக்கு வித்து. செலவு சுமார் 15 லட்சம் டாலர் என்பார்கள். மணப்பெண்ணாக நடித்த ஸ்டெஃபனி சீமோர் அப்போது ஆக்ஸலின் நிஜக் காதலி. 'எஸ்ட்ரேஞ்ச்ட்' வருவதற்குள் அந்த உறவு முறிந்தது. கதை நாயகியை இழந்தது. அவருடைய இடத்தில் டால்ஃபின்கள் நீந்தின. ஆக்ஸல் கப்பலில் இருந்து கடலில் குதித்தார். ஸ்லாஷ் கிட்டாரோடு தண்ணீருக்குள் இருந்து எழுந்தார். அளவு மீறிய ஆடம்பரம் என்று பலர் ஒதுக்கிய வீடியோ அது. நான் ஒதுக்க மாட்டேன். கதை சிதறினாலும், கைவிடப்பட்டவனின் தவிப்பு அதில் பொய்யில்லை.

2024-ல் 'த ஜெனரல்' பாடலுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் செய்தார்கள். அரக்கர்களும் வண்ணங்களும் திரையை நிறைக்கின்றன. என் மனம் அதில் ஒட்டவில்லை. கேமரா சுற்றி வருவதற்கு அங்கே ஓர் ஆள் வேண்டாமா?

'நவம்பர் ரெயின்' 2018-ல் யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டியது. அதைக் கைபேசியில் மட்டுமே பார்த்தவர்கள், ஒருமுறையாவது பெரிய திரையில், சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள்.