நியூட்ரலில் போட்டால் மட்டும் போதுமா?

பழுதான காரை இழுத்துச் செல்வது பற்றிய கலந்துரையாடலில், "கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம்தானே?" என்று செராஸிலிருந்து ஒரு நேயர் கேட்டார். நேரமின்றிப் பாதியில் விட்ட பதில் இது.

என் மாமாவும் அப்படித்தான் நம்பினார். தீபாவளி முடிந்து ஈப்போவிலிருந்து செராஸ் திரும்பும்போது, தாப்பா ஓய்வுத் தலத்தில் அவருடைய ஆட்டோ கியர் கார் கிளம்ப மறுத்தது. வந்த இழுவை லாரிக்காரர், வசதியாக இருந்ததால் காரின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முன் சக்கரங்கள் சாலையில் உருள, செராஸ் வரை இழுத்து வந்துவிட்டார். கோளாறு என்னவோ ஆல்டர்னேட்டரில்தான். ஆனால் பட்டறையில் கியர்பாக்ஸையும் மாற்றச் சொன்னார்கள்.

காரணம் இதுதான். ஆட்டோ கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். இன்ஜின் அணைந்திருக்க, சக்கரம் மட்டும் சுழன்றால், உள்ளே இருக்கும் பாகங்கள் எண்ணெயின்றி உராய்ந்து சூடேறும். நியூட்ரலில் இருந்தாலும் இதே கதைதான். மைவி, சாகா போன்றவற்றில் முன் சக்கரங்களே காரை ஓட்டுவதால், தூக்க வேண்டியது முன்பக்கம். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி, ஹைபிரிட், மின்சாரக் கார் என்றால், முழுக் காரையும் முதுகில் ஏற்றிச் செல்லும் லாரியைத்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் வீடு போன்ற பெரிய வேனில் ஊர் சுற்றுபவர்கள், பின்னால் சிறு காரையும் கட்டி இழுத்துப் போவார்கள். அதற்கு அனுமதி உண்டா என்று காரின் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் காரையே வாங்குவார்கள்! பழைய ஹோண்டா சிஆர்வி கையேட்டில், இழுப்பதற்கு முன் இன்ஜினை நியூட்ரலில் 3 நிமிடம் ஓடவிட வேண்டும் என்றுகூட எழுதியிருந்தது. நம்மில் எத்தனை பேர் கையேட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருக்கிறோம்?

கயிறு கட்டித்தான் சிறிது தூரம் நகர்த்த வேண்டுமென்றால், சாவியை வெளியே எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் கல்லாக இருக்கும், பலமாக மிதிக்க வேண்டும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண்ணை அழையுங்கள். எங்கிருந்தோ முளைக்கும் லாரிக்காரரிடம் பேரம் பேசும் முன், உங்கள் காப்புறுதியில் இழுவை உதவி இருக்கிறதா என்றும் பாருங்கள். முழுக் காப்புறுதி எடுத்த பலருக்கு இருக்கிறது. இழுவைக் கொக்கி பெரும்பாலும் பூட்டில் ஜேக்கோடு கிடக்கும். சில கார்களில் அதை இடப்பக்கமாகத் திருகினால்தான் ஏறும்.