வங்கிக்கு ஒரு வழக்கறிஞர், வாங்குபவருக்கு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியைக் கடந்து, கானாத்தூர் வழியாக முட்டுக்காடு பாலத்தை அடைவதற்குள் வீட்டுமனை, அடுக்குமாடி விளம்பரப் பலகைகள் எத்தனை வருகின்றன என்று ஒருமுறை எண்ணத் தொடங்கிப் பாதியில் கைவிட்டேன். கடற்காட்சி, நீச்சல் குளம், சென்னைக்கு இத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு பலகையும் ஒவ்வொன்றைச் சொல்லும். ஒரு வரி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: 'அனைத்து வங்கிகளின் கடன் வசதி உண்டு'.

இந்த வரியை மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது. 'வங்கியே பணம் தர முன்வருகிறது என்றால், பத்திரத்தில் வில்லங்கம் ஏதும் இருக்காது' என்று படிக்கிறார்கள். படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை.

என்னிடம் பொருளியல் படித்த மாணவி ஒருவர், இன்று ஓர் அலுவலகத்தில் கணக்காளர். முட்டுக்காட்டுக்கு அருகே பழைய வீடு ஒன்றை வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு, ஆவணங்களுடன் என்னைப் பார்க்க வந்தார். 'கடன் ஒப்புதல் ஆகிவிட்டது சார், லீகலும் முடிந்துவிட்டது' என்றார். அந்த 'லீகலை' நீ பார்த்தாயா என்று கேட்டேன். அதற்கான கட்டணத்தைச் செலுத்திய ரசீது அவரிடம் இருந்தது. வழக்கறிஞர் எழுதிய கருத்துரை இல்லை. கிளைக்குச் சென்று கேட்டபோது, அது வங்கியின் உள்பயன்பாட்டுக்கான ஆவணம் என்று பதில் வந்ததாம்.

அந்தப் பதிலில் பொய்யில்லை. ஒவ்வொரு வங்கியும் தன் பட்டியலில் வழக்கறிஞர்களை வைத்திருக்கிறது. தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றைய கிரயப் பத்திரம் வரையிலான உரிமைத் தொடர், பொதுவாக 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றை அவர் பார்த்து, 'இச்சொத்தை அடமானமாக ஏற்கலாம்' என்று வங்கி மேலாளருக்கு எழுதுகிறார். வங்கியின் பணம் பாதுகாப்பாக இருக்குமா என்பதே அவரிடம் கேட்கப்படும் கேள்வி. வாங்குபவர் நிம்மதியாக இருப்பாரா என்று எவரும் அவரைக் கேட்பதில்லை. சில ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தைச் செலுத்துபவர் கடன் பெறுபவர், கட்சிக்காரர் வங்கி. வங்கி செய்யும் ஆவணப் பரிசோதனையைக் கொண்டு கடன் பெறுபவர் உரிமை கோர முடியாது என்ற பொருளில் ஒரு விதி பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அதற்கும் அவர் கையெழுத்திட்டிருப்பார்.

கடன் பெரிதானால் காட்சி மாறிவிடுகிறது. ஒரு சாலைக்கோ துறைமுகத்துக்கோ மின் நிலையத்துக்கோ பல வங்கிகள் சேர்ந்து ஆயிரக்கணக்கான கோடி கடன் தரும்போது, மேசையின் ஒருபுறம் வங்கிகளின் சட்ட நிறுவனம், மறுபுறம் கடன் பெறும் நிறுவனத்தின் சட்ட நிறுவனம். சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ், ஷார்துல் அமர்சந்த் மங்கள்தாஸ், கைத்தான் அண்ட் கோ, ஏஇசட்பி, ட்ரைலீகல் போன்றவை இந்தியாவில் இத்துறையில் முன்னணியில் உள்ளவை. முதல் இரண்டும் 1917-இல் தொடங்கிய ஒரே நிறுவனமாக இருந்து 2015-இல் பிரிந்தவை. வங்கி, நிதித் துறையில் எந்தச் சட்ட நிறுவனம் சிறந்தது என்று லண்டனைச் சேர்ந்த சேம்பர்ஸ், லீகல் 500 ஆகிய பதிப்பகங்கள் ஆண்டுதோறும் தரவரிசை வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்து நிறுவனங்கள் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கின்றன.

அங்கும் இருதரப்பு வழக்கறிஞர் கட்டணத்தையும் பெரும்பாலும் கடன் பெறுபவரே ஏற்கிறார். ஆனால், அவருக்கென்று ஒருவர் அந்த அறையில் இருக்கிறார். வட்டி எப்போது உயரலாம், தவணை தவறினால் எத்தனை நாள் அவகாசம், எந்த நிபந்தனை நிறைவேறிய பிறகு முதல் தவணைப் பணம் வரும் என்று ஒவ்வொரு வரியும் வாதிடப்படும். வரைவு பலமுறை திருத்தப்படும். வீட்டுக் கடனில் வரைவு என்பதே கிடையாது. அச்சிட்ட படிவத்தில் பெருக்கல் குறியிட்ட இடங்களில் கையெழுத்து. அரைமணி நேரத்தில் இருபது ஆண்டு ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

பெரிய சட்ட நிறுவனம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பராமரித்துச் சுங்கம் வசூலிக்க அமைந்த தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், டிட்கோவும் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது. அந்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் 2018-இல் 90,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடனுடன் சரிந்தது. அதற்குக் கடன் கொடுத்தவர்களிடம் நல்ல வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. பிழையான பொருளாதாரக் கணிப்பை எந்த ஒப்பந்த வாசகமும் காப்பாற்றாது. ஆனால், சரிந்த பிறகு யாருக்கு எவ்வளவு, யார் முதலில் என்ற கேள்விகளுக்கு ஒப்பந்தங்களில் விடை எழுதப்பட்டிருந்தது. சாமானியர் கையில் அப்படி எதுவும் இருப்பதில்லை.

வங்கிக்கும் வழக்கறிஞருக்கும் சென்னையில் உள்ள உறவு மிகப் பழையது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் நிறைவேறிவிடும் என்ற எளிய முறையைச் சில நகரங்களுக்கு மட்டும் அனுமதித்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய், கராச்சி ஆகியவற்றுடன் ரங்கூன், மௌல்மெய்ன், பஸ்ஸீன், அக்யாப் என்று பர்மாவின் நான்கு ஊர்களும் அப்பட்டியலில் இருந்தன. (பர்மாவில் கொண்டுவிற்கச் சென்ற நம் நகரத்தார் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.) ஒப்படைப்பு அந்நகரங்களில் நடந்தால் போதும்; நிலம் எங்கும் இருக்கலாம். முட்டுக்காட்டு நிலத்தின் பத்திரம் சென்னையில் ஒரு வங்கியின் பெட்டகத்துக்குப் போனது இப்படித்தான். பின்னர் மாநில அரசுகள் அறிவித்த மற்ற நகரங்களுக்கும் இம்முறை விரிந்தது. இன்று நம் வீட்டுக் கடன்களில் 'எம்.ஓ.டி.' என்று சொல்லப்படுவது இதன் தொடர்ச்சியே.

1906 அக்டோபர் 22-ஆம் நாள் சென்னையின் அர்பத்நாட் வங்கி முறிந்தபோது, அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். இந்தியர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று அப்போது முன்னின்றவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. பணத்தைப் போட்டவர் பக்கம் நின்று பேசுவதற்கு அன்று வழக்கறிஞர்கள் இருந்தார்கள்.

இன்று அந்தப் பக்கத்தின் நிலை என்ன? பத்திரம் போலி என்று பின்னால் தெரிந்தால் கருத்துரை எழுதியவர் பதில் சொல்வாரா? ஹைதராபாதில் வீட்டுக் கடன் மோசடி ஒன்றில், வங்கிப் பட்டியலில் இருந்த வழக்கறிஞரையும் சிபிஐ குற்றவாளியாகச் சேர்த்தது. 2012-இல் கே. நாராயண ராவ் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் உச்சநீதிமன்றம், சதியில் பங்கு கொண்டதற்குச் சான்று இல்லாதபோது தவறான கருத்துரை தந்ததற்காக மட்டும் வழக்கறிஞரைக் குற்றவாளியாக்க முடியாது என்றது. 2024 மே மாதம் வந்த மற்றொரு தீர்ப்பு, வழக்கறிஞர்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வராது என்றது. இரண்டுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. பயந்து பயந்து எழுதப்படும் கருத்துரையால் யாருக்கும் பயனில்லை. ஆனால், கட்டணம் செலுத்திய வாங்குபவரோ அவருடைய கட்சிக்காரர்கூட இல்லை. அவர் எந்தக் கதவைத் தட்டுவது?

முட்டுக்காடு போன்ற இடத்தில் இது வெறும் சட்டப் புதிர் அல்ல. இங்கே ஒருபுறம் கடல், மறுபுறம் கழிமுகம். பத்திரம் பழுதின்றி இருந்தாலும், நிலம் கட்டடம் கட்டக் கூடாத இடமாக இருக்கலாம். 1991-இல் வந்து 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடற்கரைக்கு மட்டுமன்றி, ஓதம் ஏறி இறங்கும் கழிமுகக் கரைகளுக்கும் பொருந்தும். வில்லங்கச் சான்றில் இது தெரியாது. பட்டாவிலும் தெரியாது. மண்டல வரைபடத்தில் புல எண்ணைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

கொச்சி அருகே மரடில் நடந்தது நினைவிருக்கும். உள்ளாட்சி அனுமதியுடன் காயல் கரையில் எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் இந்த அறிவிக்கையை மீறியவை என்று 2019 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 300-க்கும் மேற்பட்ட வீடுகள். உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வரை ஆணையிடப்பட்டது. வீடு மண்ணோடு போனாலும் வீட்டுக் கடன் ஒப்பந்தம் அப்படியே நிற்கும் என்பது அன்று பலருக்கு முதன்முதலாகப் புரிந்திருக்கும்.

ரிசர்வ் வங்கி அண்மையில் சில நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது. கடன் முழுவதும் அடைந்த 30 நாள்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் எதுவானாலும் 'முக்கிய விவரங்கள் அறிக்கை' ஒன்றைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். சட்டக் கட்டணம் உள்ளிட்ட செலவுகளையும் சேர்த்து ஆண்டு வட்டி விகிதம் எவ்வளவு என்று அதில் காட்டியாக வேண்டும். தமிழில் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. கேட்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

சட்டக் கட்டணம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும் என்று விதித்தவர்கள், அந்தக் கட்டணத்தில் வாங்கிய கருத்துரையையும் கடன் பெறுபவருக்குக் காட்ட வேண்டும் என்று இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். இப்போது நகல் தருவது வங்கிக்கு வங்கி, கிளைக்குக் கிளை மாறுகிறது. நகலைக் கட்டாயமாக்குவதால் வங்கிக்கு எந்த இழப்பும் இல்லை. கருத்துரையில் எவை பார்க்கப்பட்டன, எவை பார்க்கப்படவில்லை என்ற இரு பத்திகள் தமிழில் இருந்தால் போதும். 'கடலோர மண்டல வரைபடம் பார்க்கப்படவில்லை' என்ற ஒரு வரி, முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் கையில் கிடைத்தால், அதன் மதிப்பு பல லட்சம் ரூபாய். ஆகவே, அதைக் கடன் ஒப்புதலுக்குப் பிறகு தருவதிலும் பொருளில்லை. விற்பனை ஒப்பந்தத்துக்கு முன்பே இந்தப் பரிசோதனை நடக்க வங்கிகள் வழி செய்ய வேண்டும். 2011-இல் அமைந்த 'செர்சாய்' மையப் பதிவகத்தில், சொத்து வேறெங்கும் அடமானத்தில் உள்ளதா என்று கட்டணம் செலுத்தி யாரும் தேடலாம். இதை வாங்குபவருக்குச் சொல்லும் வங்கி ஊழியரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இப்படிக் கட்டாயமாக்கினால் பட்டியல் வழக்கறிஞர்கள் கட்டணத்தை உயர்த்திவிடுவார்கள் என்று நண்பரான வங்கி அதிகாரி ஒருவர் என்னிடம் வாதிட்டார். உயரட்டும். 50 லட்சம் ரூபாய்க் கடனில் வரவேற்பறைத் தரை ஓட்டுக்கு ஆகும் செலவைவிடக் குறைவான தொகை அது.

என் மாணவி, வேறொரு வழக்கறிஞரைத் தன் பொறுப்பில் அமர்த்தினார். அவர் மூலப்பத்திரத்தில் இருந்த புல எண்ணின் உட்பிரிவும் கிரயப் பத்திரத்தில் இருந்த உட்பிரிவும் ஒன்றாக இல்லை என்று கண்டுபிடித்தார். எழுத்துப் பிழைதான். விற்பவர் பிழைத்திருத்தல் ஆவணம் பதிவு செய்து கொடுக்க மூன்று வாரம் ஆயிற்று. மண்டல வரைபடத்தில் வீடு தடைப் பகுதிக்கு வெளியே இருந்தது. சென்ற மாதம் அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். வங்கியின் கருத்துரை நகல் இன்னும் வரவில்லை.