காணொளிக் கூட்டத்தில் நம் சங்கத்தின் குரல்

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் பரவலாகிய காணொளிக் கூட்டம் இன்று நம் சங்கங்களுக்கும் வழக்கமாகிவிட்டது. ஆய்வுக் கூட்டமாயினும், நூல் வேண்டுகை பற்றிய ஆலோசனையாயினும், காரியதரிசிகள் பஸ் ஏறிச் செல்லாமல் சங்கத்து மேசையிலிருந்தே கலந்துகொள்கின்றனர். காலமும் பயணச் செலவும் மிச்சமாவது நன்மையே. ஆயினும் நேரில் சென்றவர் எழுந்து பேசினால் அவையோர் கேட்டே ஆகவேண்டும். காணொளியிலோ, மைக் இயங்காதவருடைய வாய் அசைவது மட்டுமே தெரியும். 'கருத்து ஏதும் இல்லை' என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த சங்கத்தை அழைத்துவிடுவர்.

நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளை நாம் ஆய்ந்தபோது, ஒரே ஆண்டில் மூன்று ஹெட்செட்டுகள் வாங்கிய ரசீதுகள் சில்லறைச் செலவுக் கோப்பில் இருந்தன. காரியதரிசியின் நூல் கோரிக்கை இரண்டு கூட்டங்களில் எவர் காதிலும் விழாமற்போய், தறிகள் சில வெறுமனே நின்றிருந்தன. மூன்று ஹெட்செட்டுகளையும் நம் கைப்பேசியில் செருகிப் பார்த்தோம். மூன்றும் நன்றாகவே பேசின! பழுது கருவியில் இல்லை. அதனைச் செருகிய துளையில் இருந்தது.

அதை விளக்குவோம். கம்பியுள்ள ஹெட்செட்டின் 3.5 மில்லிமீட்டர் பின்னை உற்று நோக்குக. அதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருப்பின், கேட்பதற்கும் பேசுவதற்கும் சேர்ந்த பின் அது. இரண்டே வளையங்கள் எனில் பெரும்பாலும் கேட்பதற்கு மட்டுமே உரியது. அதில் பேச முயல்வது வீண். மடிக்கணினிகள் பலவற்றில் ஒரே துளை இருப்பதால் மூன்று வளையப் பின் அதில் பொருந்திவிடும். மேசைக் கணினிகளிலோ பச்சைத் துளை கேட்பதற்கும், இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கும் எனப் பிரித்து வைத்திருப்பர். பின்னைப் பச்சையில் செருகினால் பிறர் பேசுவது நமக்குக் கேட்கும். நாம் பேசுவது எவருக்கும் கேளாது. மேற்கூறிய சங்கத்தில் நிகழ்ந்தது இதுவே. ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் சிறு இணைப்புக் கம்பி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதன் விலை, வீணாய் வாங்கிய ஒரு ஹெட்செட்டின் விலையினும் குறைவு. யுஎஸ்பி பின் உள்ள ஹெட்செட்டுக்கு இத்தொல்லை இல்லை.

பாவில் இழை அறுந்தால் நெசவாளர் புதிய தறி வாங்குவதில்லை. அறுந்தது அச்சிலா, விழுதிலா, அதற்கும் அப்பாலா என்று இழையைப் பின்பற்றிச் செல்கிறார். குரலையும் அவ்வாறே பின்பற்றுதல் வேண்டும். வாயிலிருந்து மைக், மைக்கிலிருந்து கணினி, கணினியிலிருந்து கூட்டச் செயலி என்பதே அதன் வழி.

முதலில் மைக். ஹெட்செட் கம்பியில் ஒலியை அடைக்கும் சிறு விசை இருக்கலாம். மேசையில் உராய்ந்து அது தானே நகர்ந்திருக்கும். சிலவற்றில் மைக் தண்டை மேலே உயர்த்தினாலே ஒலி அடைபடும். அடுத்துக் கணினி. விண்டோஸ் அமைப்புகளில் ஒலி என்ற பகுதியைத் திறந்து பேசினால், உள்ளீட்டுப் பட்டை அசைதல் வேண்டும். பட்டை அசைந்தால் மைக் நலமே. குற்றம் செயலியில் உள்ளது எனத் துணியலாம். அசையாவிடில், அங்கே வேறொரு மைக் தேர்வாகியிருக்கிறதா என்றும், தனியுரிமைப் பகுதியில் மைக் அனுமதி மூடியிருக்கிறதா என்றும் காண்க. பிரவுசர் வழியே சேர்பவர்கள் முகவரிப் பட்டையின் ஓரத்தில் அனுமதி கேட்கும்போது அவசரத்தில் 'மறு' என்பதை அழுத்திவிட்டு, பின்னர் கூட்டம் முழுதும் ஊமையாய் அமர்ந்திருப்பதுண்டு.

கடைசியாகச் செயலி. ஸூமில் மைக் படத்தின் அருகிலுள்ள அம்புக்குறியைத் தொட்டால் எந்த மைக் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒலியைச் சோதிக்கும் வசதியும் அங்கேயே உண்டு. கைப்பேசியில் சேர்வோர் ஆடியோ இணைப்பை ஏற்கத் தவறினால் பேசவும் இயலாது, கேட்கவும் இயலாது. வயலிலிருந்தே சேரும் விவசாய அன்பர்கள் பலர் இதில்தான் தடுமாறுகின்றனர்.

புளூடூத் கருவி பற்றி ஒரு சொல். பாட்டுக் கேட்கையில் இனிமையாக ஒலித்தது, கூட்டத்தில் சேர்ந்தவுடன் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதாகப் பலர் முறையிடுகின்றனர். இது பழுதன்று. சாதாரணப் புளூடூத் கருவிகளில், கேட்பதற்கு மட்டும் ஒரு முறையும், மைக்கும் சேர்ந்தால் வேறொரு முறையும் உண்டு. இரண்டாவதில் ஒலியின் தரம் குறைந்தே தீரும். கேட்பதைப் புளூடூத்திலும் பேசுவதை மடிக்கணினியின் சொந்த மைக்கிலும் வைத்துக்கொண்டால் ஒலி தெளியும். மேலும், கருவி காரியதரிசியின் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியுடன் இணைந்திருந்தால் கணினிக்கு அது கிட்டாது. கூட்டத்துக்கு முன் கைப்பேசியின் புளூடூத்தை அணைத்துவிடுக. நம் அபிப்பிராயத்தில், சங்க அலுவலகத்துக்குக் கம்பியுள்ள ஹெட்செட்டே ஏற்றது. சார்ஜ் இறங்கும் கவலையும் அதற்கில்லை.

தம் குரலே திரும்பக் கேட்பவர், தம் கருவியே பழுதென்று எண்ணித் திருகத் தொடங்குகிறார். பெரும்பாலும் எதிரொலியை உண்டாக்குபவர் அவரல்லர். ஒலிபெருக்கியைத் திறந்து வைத்திருக்கும் மற்றொருவர். ஒரே அறையில் தலைவர் கைப்பேசியிலும் காரியதரிசி கணினியிலும் சேர்ந்தால் ஒன்றின் மைக்கையும் ஒலியையும் அடைத்துவிடவேண்டும்.

தறிச் சத்தத்துக்குச் செயலியில் இரைச்சல் நீக்கும் வசதி உண்டு. ஆனால் விசைத்தறி முழங்கும் கொட்டகையில் அது பேச்சையும் சேர்த்து விழுங்கிவிடக்கூடும். கதவடைத்த அறையே நலம். மைக்கை வாயின் நேர் எதிரே வையாது, ஓரமாக இரண்டு விரற்கிடை தள்ளி வைத்தால் மூச்சுச் சத்தம் சேராது.

இவையனைத்தையும் கூட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பார்த்துவிடுதல் வேண்டும். அவ்வளவும் செய்தும் குரல் எழாவிடில், கோரிக்கையைக் கூட்டத்தின் எழுத்துப் பெட்டியில் உடனே பதிந்து, குறிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டு, அன்றே அலுவலகத்துக்குக் கடிதமும் அனுப்பிவிடுக.