கார்டினியாவுக்கு ஆகாத தண்ணீர்

கோடை வந்தால், வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். அதே தாலுகாவில் இருக்கும் திருவாலங்காட்டிலும் வெயிலுக்குக் குறைவில்லை. ரத்தின சபையைத் தரிசிக்க உச்சிவேளையில் வருகிறவர்களைக் கேட்டால், பிராகாரத்துக் கல்லின் சூட்டைச் சொல்வார்கள். இந்த ஊரில் மொட்டை மாடித் தொட்டியில் கார்டினியா வருமா என்றால், வரும். ஆனால் நம் வட மாவட்டங்களில் இந்தச் செடியை வெயிலைவிட அதிகம் வாட்டுவது போர் தண்ணீர்தான்.

கார்டினியாவின் பூர்வீகம் சீனாவும் அதைச் சூழ்ந்த நாடுகளும். காபி, இட்லிப்பூ, நுணா எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். 1761-இல் ஜான் எல்லிஸ், அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் இருந்த அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவரின் பெயரை இதற்குச் சூட்டினார். நர்சரியில் அடுக்கு நந்தியாவட்டையையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஓர் இலையைக் கிள்ளினால் போதும்: பால் வடிந்தால் நந்தியாவட்டை. வெள்ளையாக மலர்ந்து, இரண்டு மூன்று நாளில் வெண்ணெய் நிறமாகி, பிறகு மஞ்சளாவது கார்டினியாவின் இயல்பு; நோய் என்று பயப்பட வேண்டாம். ஒற்றை இதழ் வகை காய்க்கும். அந்தக் காயில் இருப்பது குங்குமப்பூவுக்கு நிறம் தரும் அதே குரோசின். ஜப்பானியர் அதைக் கொண்டும் முள்ளங்கி ஊறுகாய்க்கு மஞ்சள் ஏற்றினார்கள்.

பூ மஞ்சளாகலாம், இலை ஆகக்கூடாது. வாங்கி வந்த சில மாதங்களில் கொழுந்து இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டாற்போல் நிற்கும். உடனே எல்லோரும் உரத்தைத் தூக்குகிறார்கள். சிலர் முட்டை ஓட்டையும் அடுப்புச் சாம்பலையும் போடுகிறார்கள். இரண்டும் மண்ணின் காரத்தைக் கூட்டுபவை. செடி இன்னும் வெளுக்கும்.

கார்டினியா புளிப்பு மண்ணுக்குப் பழகியது. கார அமில நிலை 5-க்கும் 6-க்கும் இடையில் இருந்தால் அதற்குச் சௌகரியம். போர் தண்ணீர் போன்ற கடினநீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, ஊற்ற ஊற்றத் தொட்டியில் படிந்து அந்த அளவை 7-க்கு மேல் ஏற்றிவிடும். அப்போது மண்ணில் உள்ள இரும்பு துருபோலக் கரையாத நிலைக்குப் போய்விடும். இரும்பு இருக்கும், வேருக்கு எட்டாது. பழைய இலையில் உள்ள இரும்பும் கொழுந்துக்கு நகராது என்பதால்தான் வெளுப்பு மேலிருந்து தொடங்குகிறது. கடலைக் காட்டில் இளம் இலைகள் வெளுப்பதும் பல நேரம் இதே கோளாறுதான். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளித்தால் காரணம் வேறு. தழைச்சத்தையோ மக்னீசியத்தையோ சந்தேகிக்கலாம்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தொட்டி விளிம்பே சொல்லும். அங்கே வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் அதில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பேதான்.

மழைநீர்தான் இதற்கு முதல் மருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் மூடி வைத்தால் ஒன்றிரண்டு செடிக்கு வெகுநாள் வரும். அது தீர்ந்தபின், மிதமான கடினநீர் என்றால் 10 லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து ஊற்றலாம். ஏற்கெனவே வெளுத்த செடிக்கு நாட்டு மருந்துக் கடை அன்னபேதி வேண்டாம்; உரக்கடையில் கிடைக்கும் சுத்தமான ஃபெரஸ் சல்பேட்டில் 5 கிராமும், சிட்ரிக் ஆசிட் 1 கிராமும் ஒரு லிட்டர் நீரில் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்க வேண்டும். முதலில் ஒரு கிளையில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். கார மண்ணில் வெறும் ஃபெரஸ் சல்பேட்டைக் கொட்டினால் அதுவும் சீக்கிரமே கரையாமல் முடங்கிவிடும். மண்ணில் இடுவதற்கு இடிடிஹெச்ஏ வகை கிலேட் இரும்புதான் சரி; மலிவான இடிடிஏ வகை, கார அமில நிலை 6.5-ஐத் தாண்டினால் பிடி தளர்ந்துவிடும்.

சிமெண்ட் தொட்டியே சுண்ணாம்பு கசியவிடும் என்பதால் 12 அங்குல மண் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ எடுங்கள். கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு, செம்மண், மக்கிய தொழுவுரம் சம அளவில் கலந்தால் போதும். நர்சரிச் செடி பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே நட்டால் சுற்றிலும் ஈரம் இருந்தும் உருண்டைக்குள் வேர் காய்ந்து கிடக்கும். மழைக்காலத்தில் உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளி மண்ணை விரலால் மெல்லக் கரைத்துவிட்டு நடுவது நல்லது.

காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் பட்டால் போதும். பதினோரு மணிக்குமேல் பச்சை நிழல்வலை வேண்டும். மொட்டு பிடிக்க இந்தச் செடிக்குக் குளிர்ந்த இரவு தேவை, அதாவது 16 முதல் 18 டிகிரி. நமக்கு அது மார்கழி, தையில்தான் ஓரளவு வாய்க்கும். மாசிக்குப்பின் அனல் காற்று அடித்தாலும், ஒரு நாள் தண்ணீர் தவறி மறுநாள் வெள்ளமாக ஊற்றினாலும் மொட்டு பழுத்து உதிரும். அந்த மாதங்களில் தொட்டியை இடம் மாற்றவும் கூடாது. பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளைக் கத்தரித்துவிடுங்கள். தாமதித்தால் அடுத்த பருவத்து மொட்டும் சேர்ந்து போகும். வெட்டிய நுனிகளில் பாதி முற்றியதாகப் பார்த்து எடுத்து, ஈர நார்க்கழிவில் நிழலில் செருகி வைத்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வேர் விடும்.